நிலத்துக்கு ஓட்டா? மனிதனுக்கு ஓட்டா?

ஓட்டுச் சீட்டு ஒரு சின்னக் காகிதம். அதைப் பெட்டியில் போட ஒரு நிமிஷம் போதும். ஆனால் அந்தச் சீட்டு ஏழையின் கையில் இருந்தாலும், செல்வந்தரின் கையில் இருந்தாலும், அதற்கு ஒரே எடை இருக்கவேண்டும். எடை வேறுபட்டால் அந்தத் தேர்தல், கள்ளத் தராசில் நிறுத்த அரிசி போன்றதுதான்.

இந்த ஒரே எடைக்காக ஒரு சின்னத் தீவின் உழவர்களும் மீனவர்களும் தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தார்கள். அந்தத் தீவின் கிழக்குக் கோடியில் உள்ள ஒரே ஒரு தொகுதியின் கதையைப் பார்த்தால், ஓட்டுரிமை எவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த பொருள் என்பது விளங்கும்.

தீவு எங்கே இருக்கிறது?

கனடா நாட்டின் கிழக்குக் கரையில், கடலுக்கு நடுவே, பிறை போன்ற வடிவத்தில் ஒரு தீவு இருக்கிறது. அதன் பெயர் பிரின்ஸ் எட்வர்டு தீவு. கனடாவின் மாகாணங்களில் மிகச் சிறியது இதுதான். இதன் பரப்பு சுமார் 5,660 சதுர கிலோமீட்டர். நமது திண்டுக்கல் மாவட்டத்தைவிடச் சற்றுச் சிறியது! 2021 கணக்குப்படி மக்கள் தொகை 1,54,331.

மண் செக்கச் செவேல் என்று இருக்கும். உருளைக்கிழங்கு நன்றாக விளையும். கடலில் சிங்கி இறால் கிடைக்கும். உழவும் மீன்பிடிப்பும்தான் மக்களுக்குப் பரம்பரைத் தொழில்.

தீவு மூன்று கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டது. மேற்கே பிரின்ஸ், நடுவில் குயின்ஸ், கிழக்கே கிங்ஸ். தலைநகரான சார்லட்டவுன் குயின்ஸ் கவுண்டியில் இருக்கிறது. கிங்ஸ் கவுண்டியின் கிழக்குக் கோடிக்கு "முதலாவது கிங்ஸ் தொகுதி" என்று பெயர். 1873-ம் ஆண்டு தீவு கனடாவோடு சேர்ந்தது முதல் 1996-ம் ஆண்டு வரை அந்தப் பெயரே நிலைத்திருந்தது.

இந்தத் தொகுதியின் முக்கியமான ஊர் சூரி என்னும் துறைமுகப் பட்டணம். அது பிரெஞ்சு மொழிச் சொல். எலி என்று பொருள்! பழைய காலத்தில் அங்கே குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் பயிரை எலிக் கூட்டம் அழித்ததால் இந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். எலி தின்று மிச்சம் வைத்தாலும் வைக்கும். பிறகு வந்த நிலச்சுவான்தார்கள் அதையும் விடவில்லை.

ஒரே நாளில் குலுக்கல்

தீவின் பழங்குடி மக்கள் மிக்மாக் இனத்தவர்கள். பின்னர் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறினார்கள். அதற்குப் பிறகு தீவு ஆங்கிலேயர் வசம் வந்தது. சாமுவேல் ஹாலண்ட் என்ற அதிகாரி தீவை அளந்து 67 துண்டுகளாகப் பிரித்தார். ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய 20,000 ஏக்கர்.

1767-ம் ஆண்டு ஜூலை மாதம் லண்டனில் குலுக்கல் நடந்தது. ஒரே நாளில் ஏறக்குறைய தீவு முழுவதும் பெரிய மனிதர்களுக்குப் பங்கு போடப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் தீவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை!

நிலத்தைப் பெற்றவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் அங்கே குடிகளை ஏற்றவேண்டும், சர்க்காருக்கு வரி கட்டவேண்டும் என்பது நிபந்தனை. பெரும்பாலோர் அதை நிறைவேற்றவில்லை. ஆனால் காட்டை வெட்டி, கல்லைப் பொறுக்கி, நிலத்தைத் திருத்திய உழவனிடம் குத்தகை மட்டும் கேட்டார்கள். உழுதவன் தீவில் இருந்தான். உடையவன் லண்டனில் இருந்தான். ஏறக்குறைய 100 ஆண்டுகள் இதே கதைதான்.

1773-ம் ஆண்டு தீவின் முதல் சட்டசபை கூடியது. 18 உறுப்பினர்கள். சபைக்குச் சொந்தக் கட்டடம்கூட இல்லை. இது என்ன விசித்திரமான பார்லிமெண்டு என்று வாயில் காவலர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அதற்காக அவருக்கு 5 ஷில்லிங் அபராதம் போட்டார்கள்! உண்மையைச் சொன்னவருக்கு அந்தச் சபை கொடுத்த முதல் பரிசு அது.

கத்தோலிக்கர்களுக்கு அப்போது ஓட்டு இல்லை. அவர்கள் 1830-ம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உழவர்களின் குரல்

கிங்ஸ் கவுண்டியின் பே பார்ச்சூன் கரையில் வில்லியம் கூப்பர் என்பவர் வாழ்ந்தார். அவர் முதலில் ஒரு நிலச்சுவான்தாரின் ஏஜெண்டாக இருந்தவர். குத்தகை வசூலித்தவர். ஆனால் பிறகு அவர் உழவர்களின் பக்கம் வந்துவிட்டார்.

"நிபந்தனையை மீறியவர்களின் நிலத்தைச் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டும், அதை உழுகிறவர்களுக்கே கொடுக்கவேண்டும்." இதுதான் அவருடைய கட்சியின் கோரிக்கை.

1838-ம் ஆண்டுத் தேர்தலில் 24 இடங்களில் 18 இடங்களைக் கூப்பரின் கட்சி பிடித்தது. மக்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கூப்பர் சபாநாயகர் ஆனார். உழவர்களின் குறையைச் சொல்லக் கப்பலேறி லண்டனுக்குப் போனார். அங்கே காலனி இலாகாவினர் அவரைப் பார்க்கக்கூட மறுத்துவிட்டார்கள்!

ஓட்டு கிடைத்துவிட்டால் மட்டும் போதாது; அந்த ஓட்டுக்கு மதிப்பும் கிடைக்கவேண்டும் என்பதைத் தீவு மக்கள் அன்று தெரிந்துகொண்டார்கள்.

கடைசியில் தீவு கனடாவோடு சேர்ந்த பிறகுதான் நிலப் பிரச்சினை தீர்ந்தது. நிலத்தை வாங்குவதற்குக் கனடா சர்க்கார் 8 லட்சம் டாலர் கொடுத்து உதவ ஒப்புக்கொண்டது. 1875-ம் ஆண்டு வந்த சட்டப்படி நிலச்சுவான்தார்களின் நிலம் கட்டாயமாக வாங்கப்பட்டு உழவர்களுக்கு விற்கப்பட்டது.

நிலச்சுவான்தார்கள் போனார்கள். ஆனால் நிலத்தின் ஆதிக்கம் போகவில்லை. அது ஓட்டுப் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டது.

இரட்டை ஓட்டு

தீவில் அந்தக் காலத்தில் இரண்டு சபைகள் இருந்தன. ஒன்று பொதுமக்களின் சட்டசபை. மற்றொன்று மேல்சபை. மேல்சபைக்குச் சொத்து உள்ளவர்கள் மட்டுமே ஓட்டுப் போடலாம்.

சின்னத் தீவுக்கு இரண்டு சபை எதற்கு, வீண் செலவுதானே என்ற பேச்சு எழுந்தது. 1893-ம் ஆண்டு இரண்டையும் ஒன்றாக்கினார்கள். ஆனால் சொத்து உள்ளவர்கள் தங்கள் பிடியை விடவில்லை. ஒரு சமரசம் செய்துகொண்டார்கள். அது மிகவும் வினோதமான சமரசம்.

தீவு 15 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. கவுண்டிக்கு 5 தொகுதிகள். ஒவ்வொரு தொகுதிக்கும் இரண்டு உறுப்பினர்கள். ஒருவருக்குச் "சட்டசபை உறுப்பினர்" என்று பெயர். மற்றவருக்குக் "கவுன்சிலர்" என்று பெயர். கவுன்சிலருக்கு ஓட்டுப் போட 325 டாலர் பெறுமானமுள்ள சொத்து இருக்கவேண்டும்.

இருவரும் ஒரே சபையில்தான் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் ஒரே அதிகாரம்தான். ஆனால் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது மனிதனைப் பார்த்தார்கள். மற்றவரைத் தேர்ந்தெடுக்கும்போது மனிதனுடைய சொத்தைப் பார்த்தார்கள்.

இன்னும் கேளுங்கள். ஒருவருக்கு மூன்று தொகுதிகளில் சொத்து இருந்தால், அந்த மூன்று தொகுதிகளிலும் அவர் கவுன்சிலருக்கு ஓட்டுப் போடலாம்! சூரியில் படகில் கூலி வேலை செய்பவர் அங்கேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே சாகலாம். ஆனால் சொத்து இல்லாவிட்டால் அவருக்குக் கவுன்சிலர் தேர்தலில் ஓட்டு இல்லை. வேறு ஊரில் வசிப்பவருக்கு அங்கே சொத்து இருந்துவிட்டால், அவர் தேர்தல் அன்று வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போகலாம்.

இது என்ன நியாயம்? வயலுக்கும் வீட்டுக்கும் ஓட்டு உண்டு. மனிதனுக்கு இல்லை என்பதுதானே இதன் பொருள்?

மெல்ல வந்த உரிமைகள்

ரகசிய ஓட்டு முறையின் கதையும் விசித்திரமானது. தீவு 1877-ம் ஆண்டு ரகசிய ஓட்டைக் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டில் அதை எடுத்துவிட்டது. மறுபடியும் கொண்டுவந்தது 1913-ம் ஆண்டில்தான். இடையில் 34 ஆண்டுகள், குத்தகைக்காரரோ, கடனாளியோ, கூலிக்காரரோ, தாம் யாருக்கு ஓட்டுப் போடுகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும்படியே போட்டார்கள். பயமில்லாமல் எப்படிப் போட்டிருக்க முடியும்?

பெண்களுக்கு 1922-ம் ஆண்டு ஓட்டு கிடைத்தது. ஆனால் ஒரு பெண்மணி சபைக்குள் நுழைய மேலும் 48 ஆண்டுகள் ஆயின. 1970-ம் ஆண்டு ஜீன் கான்பீல்டு என்ற அம்மையார் வெற்றி பெற்றார்.

இரண்டு உறுப்பினர் முறையில் ஒரு நல்லதும் இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. தீவில் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் கலந்து வாழ்ந்தார்கள். ஆகவே பல தொகுதிகளில் கட்சிகள் ஒரு வழக்கத்தைக் கடைப்பிடித்தன. ஓர் இடத்துக்கு இரண்டு கட்சிகளும் கத்தோலிக்கரையே நிறுத்தும். மற்ற இடத்துக்கு இரண்டு கட்சிகளும் புராட்டஸ்டண்டையே நிறுத்தும். மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்க முடியாமல் போயிற்று. சண்டை குறைந்தது.

நமது நாட்டிலும் 1952, 1957 தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. 1961-ம் ஆண்டுச் சட்டம் அவற்றை நீக்கியது. ஆனால் நமது முறைக்கும் தீவின் முறைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இங்கே ஓர் இடம், தாழ்த்தப்பட்டவர்களோ பழங்குடியினரோ சபைக்கு வருவதற்காக ஒதுக்கப்பட்டது. அங்கே ஓர் இடம், சொத்து உள்ளவர்களின் கைக்குள் வைக்கப்பட்டது.

சுதந்திர இந்தியா தனது முதல் பொதுத்தேர்தலிலேயே சொத்தையும் படிப்பையும் பார்க்காமல் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டுக் கொடுத்தது. கனடாவின் இந்தச் செழிப்பான தீவில் அப்போதும் 325 டாலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்!

1963-ம் ஆண்டுதான் சொத்து ஓட்டு ஒழிந்தது. அதே ஆண்டில்தான் தீவின் பழங்குடி மக்களுக்கும் மாகாணத் தேர்தலில் முழு ஓட்டுரிமை கிடைத்தது. தீவு யாருடையதாக இருந்ததோ, அவர்களுக்குக் கடைசியில் ஓட்டு!

ஒரு மூலை முடிவு செய்தது

அடுத்த பொதுத்தேர்தல் 1966-ம் ஆண்டு மே மாதம் 30-ந்தேதி நடந்தது. சொத்து ஓட்டு ஒழிந்த பிறகு வந்த முதல் பொதுத்தேர்தல் அது. சபையின் இடங்கள் 30-லிருந்து 32 ஆக உயர்ந்திருந்தன.

தேர்தல் பிரசார சமயத்தில் முதலாவது கிங்ஸ் தொகுதியின் வேட்பாளர் ஒருவர் இறந்துவிட்டார். எனவே அந்தத் தொகுதியில் மட்டும் தேர்தல் ஜூலை 11-ந்தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. மற்றத் தொகுதிகளில் ஓட்டுகளை எண்ணினார்கள். முடிவைப் பார்த்துத் தீவே திகைத்துவிட்டது.

ஆளும் கன்சர்வேடிவ் கட்சிக்கு 15 இடங்கள். எதிர்க்கட்சியான லிபரல் கட்சிக்கும் 15 இடங்கள்!

யார் ஆட்சி செய்வது? அதைச் சொல்லவேண்டியது கிழக்குக் கோடியில் இருக்கும் ஒரே ஒரு தொகுதி. அதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத மூலைக்குத் திடீரென்று மந்திரிகள் படையெடுத்தார்கள். சாலைகள் செப்பனிடப்பட்டன. பல காலமாகத் தார் காணாத மண் பாதைகள் எல்லாம் தார் கண்டன. தேர்தல் முடிவதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சாலை!

முதல்-மந்திரி வால்டர் ஷாவுக்கு அப்போது 78 வயது. எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸ் காம்பெல்லுக்கு 32 வயது.

ஜூலை 11-ந்தேதி மக்கள் ஓட்டுப் போட்டார்கள். இரண்டு இடங்களும் லிபரல் கட்சிக்கே கிடைத்தன. 17-க்கு 15 என்ற கணக்கில் ஆட்சி மாறியது. காம்பெல் முதல்-மந்திரி ஆனார். 1978-ம் ஆண்டு வரை அவர் பதவியில் இருந்தார்.

தார்ச் சாலையைப் பெற்றுக்கொண்டார்கள். ஓட்டைத் தங்கள் மனப்படி போட்டார்கள்! சாலை அவர்களுக்கு உரிமையானது. ஓட்டும் அவர்களுக்கு உரிமையானது. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கமுடியாது என்று அந்த உழவர்களும் மீனவர்களும் காட்டிவிட்டார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. இதே நெருக்கடி நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேறு ஊரில் இருக்கும் சொத்துக்காரர்கள் கார்களில் வந்து இறங்கி, கவுன்சிலரைத் தேர்ந்தெடுப்பதில் பங்கு கேட்டிருப்பார்கள். அங்கேயே வாழும் கூலிக்காரர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். 1966-ம் ஆண்டில் அது நடக்கவில்லை. ஒரு தீவின் ஆட்சியை அந்த மூலையில் வாழ்ந்த மக்களே முடிவு செய்தார்கள். ஒருவருக்கு ஒருவர் குறையாத ஓட்டால் முடிவு செய்தார்கள்.

அந்தத் தொகுதியின் புதல்வர்

அந்தத் தொகுதி தேர்ந்தெடுத்த மனிதர்களில் ஒருவர் டேனியல் மெக்டொனால்டு. சூரிக்கு அருகே உள்ள பாத்வெல் கிராமத்து உழவர். இரண்டாவது உலக யுத்தத்தில் இத்தாலியில் போரிட்டார். அங்கே ஒரு கையையும் ஒரு காலையும் இழந்தார். ஊருக்குத் திரும்பி மறுபடியும் உழவுத் தொழிலையே செய்தார்.

1962-ம் ஆண்டு முதல் 10 ஆண்டுகள் அவர் முதலாவது கிங்ஸ் தொகுதியின் பிரதிநிதியாக இருந்தார். காம்பெல்லின் மந்திரிசபையில் விவசாய மந்திரியாகவும் இருந்தார். பிறகு கனடா பார்லிமெண்டுக்குச் சென்று, முன்னாள் ராணுவத்தினர் நல மந்திரி ஆனார். அந்த இலாகாவின் தலைமை அலுவலகம் இன்று சார்லட்டவுனில் இருக்கிறது. அந்தக் கட்டடத்துக்கு அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள்.

சின்னத் தொகுதி சின்ன மனிதர்களைத்தான் அனுப்பும் என்று யார் சொன்னது?

கோர்ட்டுத் தீர்ப்பு

சொத்து ஓட்டு ஒழிந்தது. ஆனாலும் தராசு சரியாகவில்லை. ஏன்?

தொகுதிகளின் எல்லைகள் பழைய காலத்தில் போட்டவை. காலம் மாறியது. மக்கள் கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போனார்கள். கோடு மட்டும் அதே இடத்தில் நின்றது. 1990-களில் சார்லட்டவுன் பக்கத்தில் இருந்த ஒரு பெரிய தொகுதியின் வாக்காளர்கள், கிங்ஸ் கவுண்டியின் மிகச் சின்னத் தொகுதியின் வாக்காளர்களைப்போல் 5 மடங்குக்கும் அதிகமாக இருந்தார்கள். இரண்டுக்கும் உறுப்பினர்கள் இரண்டு பேர்தான்! அதாவது, கிராமத்து ஓட்டு ஒன்று நகரத்து ஓட்டு ஐந்துக்குச் சமம்.

வழக்கு கோர்ட்டுக்குப் போனது. இந்த எல்லைகள் அரசியல் சாசனம் கொடுத்த ஓட்டுரிமைக்கு விரோதமானவை என்று 1993-ம் ஆண்டு கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

அதன் பிறகு இரட்டை உறுப்பினர் முறையே எடுக்கப்பட்டது. கனடாவில் அந்த முறையைக் கடைசியாகக் கைவிட்ட மாகாணம் இதுதான். 1996-ம் ஆண்டுத் தேர்தலில் 27 தொகுதிகள். தொகுதிக்கு ஓர் உறுப்பினர். முதலாவது கிங்ஸ் என்ற பழைய பெயரும் அன்றோடு மறைந்தது. கிழக்குக் கோடித் தொகுதிக்குச் சூரி-எல்மைரா என்று பெயர் வந்தது.

புதிய எல்லைகளும் கிராமங்களுக்கே சாதகம் என்று சார்லட்டவுன் முதலிய நகரத்தார் மறுபடியும் வழக்குப் போட்டார்கள். இந்தத் தடவை அவர்கள் ஜெயிக்கவில்லை.

எது நியாயம்?

கிராமத்தார் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. "நகரத்தில் கூட்டம் அதிகம். தலையை மட்டும் எண்ணினால் நகரமே ஆளும். எங்கள் பள்ளிக்கூடத்தை மூடினால் கேட்க ஆள் இருக்காது. எங்கள் ஆஸ்பத்திரியை எடுத்தால் தடுக்க ஆள் இருக்காது" என்பது அவர்களுடைய கவலை. அது வெறும் கவலை அல்ல. தீவில் கிராமத்துப் பள்ளிக்கூடங்கள் பல மூடப்பட்டது உண்மை. எல்மைரா வரை ஓடிய ரெயில் நின்றுபோனதும் உண்மை. 1989-ம் ஆண்டோடு தீவில் ரெயிலே இல்லை.

ஆனால் இதற்கு மருந்து, ஓட்டின் எடையைக் கூட்டுவது அல்ல. தூரத்தில் இருக்கும் ஊருக்குச் சாலை கொடுக்கலாம். டாக்டரைக் கொடுக்கலாம். பிரதிநிதி வந்து போவதற்கு அதிகச் செலவுப் பணம் கொடுக்கலாம். எல்லை போடும்போது கொஞ்சம் கூடுதல் குறைவுக்கு இடம் விடலாம். இவை எல்லாம் நியாயம். ஒருவருக்கு ஐந்து ஓட்டும் இன்னொருவருக்கு ஓர் ஓட்டும் என்பது நியாயம் ஆகாது.

பழைய நிலச்சுவான்தாரும் இதையே வேறு வார்த்தையில் சொன்னார். "எனக்கு நிலம் அதிகம், எனவே ஓட்டு அதிகம்" என்றார். "எங்கள் ஊர் விசாலமானது, எனவே ஓட்டு அதிகம்" என்பது அதற்கு எவ்வளவு தூரம்? வயலும் மரமும் ஓட்டுப் போடுவதில்லை. மனிதர்கள்தான் போடுகிறார்கள்.

சின்னத் தொகுதியின் பலம் எதில் இருக்கிறது? பிரதிநிதிக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் பிரதிநிதியைத் தெரியும். அந்த நெருக்கம்தான் பலம். 2019-ம் ஆண்டுத் தேர்தலின்போது சார்லட்டவுன் பக்கத்துத் தொகுதி ஒன்றில் வேட்பாளர் ஒருவர் படகு விபத்தில் இறந்தார். எல்லாக் கட்சிகளும் பிரசாரத்தை நிறுத்திவிட்டுத் துக்கத்தில் கலந்துகொண்டன. அந்தத் தொகுதியில் தேர்தல் ஜூலை மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. எதிரிகளும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்கும் ஊரில்தான் இத்தகைய பண்பு வளரும்.

தொகுதி எல்லை என்பது வரைபடத்தில் உள்ள வெறும் கோடு அல்ல. அந்தக் கோட்டை ஓர் அங்குலம் நகர்த்தினால் ஒருவருடைய ஓட்டு கனக்கும். இன்னொருவருடைய ஓட்டு இலேசாகும். ஆகவே எல்லை போடும் செய்தி வந்தால், அது அதிகாரிகளின் வேலை என்று யாரும் பேசாமல் இருக்கக்கூடாது. தம்முடைய வயலின் வரப்பை யாராவது வெட்டினால் பார்த்துக்கொண்டு இருப்பார்களா? ஓட்டின் வரப்பும் அப்படித்தான்.

பிரின்ஸ் எட்வர்டு தீவில் சொத்தின் ஓட்டை ஒழிக்க, முதல் சட்டசபை கூடிய நாளிலிருந்து 190 ஆண்டுகள் ஆயின. எல்லைக் கோட்டைத் திருத்த மேலும் 33 ஆண்டுகள் ஆயின. அவ்வளவு காலம் காத்திருந்து பெற்ற ஒரு நிமிஷம்தான், ஓட்டுப் பெட்டிக்கு முன்னால் நிற்கும் அந்த ஒரு நிமிஷம். அதை விற்கவும் கூடாது, வீணாக்கவும் கூடாது.